நாலாவது புகைபோக்கி

நம்ம செட்டுல எவனாவது கமுக்கமா காரியத்தை முடிச்சா, சரியான எம்டன்டா இவன்னு சொல்றோம் இல்லையா? அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் கரைக்குப் பக்கத்தில் வந்து, எண்ணெய் டேங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், 1873-ல் ஹனோவரில் பிறந்தவர். அதிகம் பேசாத மனுஷன்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. அந்தக் காலத்தில் தூரத்தில் வருவது யார் கப்பல் என்று கண்டுபிடிக்க அதைத்தான் எண்ணுவார்கள். மரச்சட்டம், கேன்வாஸ் துணி வைத்து நாலாவதாக ஒன்றை எழுப்பினார் முல்லர். அவ்வளவுதான், பார்க்கிறவர் கண்ணுக்கு அது பிரிட்டிஷ் யார்மத் கப்பல். அக்டோபர் 28 விடியலில் அதே வேஷத்தில் பினாங்குக்குள் நுழைந்து, சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றி, ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பலை மூழ்கடித்தார்.

இன்னிக்குப் புகைபோக்கி இருந்த இடத்தில் ஏஐஎஸ் இருக்கிறது. போன் மேப்பில் கப்பல்கள் அம்புக்குறியாக நகருமே, அதுதான். பெயர், எண், இடம் எல்லாம் கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்வது. நிஜமா என்று சோதிக்க அந்தச் செய்தியில் டிஜிட்டல் கையொப்பம் கிடையாது. ஐஎம்ஓ எண்ணில் செக் டிஜிட் இருக்கே என்பீர்கள். அது டைப்பிங் தப்பைப் பிடிக்கும். இன்னொரு கப்பலின் நிஜ எண்ணைத் திருடி ஒட்டினால் பிடிக்காது. 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர் ஒடெசா துறைமுகத்தில் நிற்பது வெப்கேமில் தெரிகிறது. ஏஐஎஸ்ஸோ அதை செவஸ்தபோல் பக்கம் காட்டியது. வெப்கேம் இல்லாவிட்டால் எதை நம்பியிருப்போம்?

முல்லர் மாட்டியதுதான் பெரிய கதை. நவம்பர் 9, கோகோஸ் தீவு. தந்தி நிலையத்துக்காரர்கள் நாலாவது புகைபோக்கி வெறும் துணி என்று கண்டுகொண்டு, உடனே வயர்லெஸில் தகவல் தட்டினார்கள். சுமார் 50 கடல் மைல் தள்ளி இருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் கிளம்பியது. அடிவானத்தில் புகை. எம்டனில் இருந்தவர்கள், தாங்கள் வரச்சொன்ன நிலக்கரிக் கப்பல் புரெஸ்க்தான் வருது என்று நினைத்தார்கள். எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த புகை. சந்தேகப்பட யாருக்கும் தோணல. உண்மை தெரிந்தபோது, கரையில் இறங்கியிருந்த தன் ஆட்களை ஏற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். நொறுங்கிய கப்பலை முல்லரே பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

பிறகு மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதி. 1917-ல் சுரங்கம் தோண்டித் தப்பி, மறுபடி பிடிபட்டார். மலேரியா உடம்பை அரித்திருந்தது. 1923-ல், 50 வயது ஆகும் முன்பே இறந்துபோனார். எம்டனைப் பற்றி அவர் புத்தகம் எதுவும் எழுதல. எழுதியது, கோகோஸ் கரையில் அன்று விட்டுவிட்டு வந்த அவருடைய துணை அதிகாரி மூக்கே.