டெர்ரேரியாவில் வரும் 'கதூலு' யாருடைய பயம்? ஹெச்.பி. லவ்கிராஃப்ட்டின் கதை

மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், வீடு கட்டலாம். 2011இல் வெளியான டெர்ரேரியா என்ற சாண்ட்பாக்ஸ் கேமில், 'இதைத்தான் செய்யணும்' என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஏதோ ஓர் இரவில், வானத்திலிருந்து ஒரு ராட்சதக் கண் நம்மைத் தேடி வரும். அதன் பெயர் 'ஐ ஆஃப் கதூலு'.

கதூலு என்ற பெயரை உருவாக்கியவர் வீடியோ கேம் எதையும் பார்த்ததில்லை. அவர் 1937லேயே இறந்துவிட்டார். பெயர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட்.

யார் இவர்?

1890 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது ஆவதற்குள், மனநலம் பாதிக்கப்பட்ட அப்பா பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1898இல் அங்கேயே இறந்தார். 1904இல் தாத்தா போனதும் வீடும் கைவிட்டுப் போனது. நரம்புத் தளர்ச்சியால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அம்மாவும் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1921இல் இறந்தார்.

இதற்கு நடுவே அவரைப் பிடித்து வைத்திருந்தது வானியல். பதின்ம வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகளில் வானியல் கட்டுரைகள் எழுதினார்.

அது என்ன 'காஸ்மிக் ஹாரர்'?

மைசூருவின் பெயருக்கே மகிஷாசுரன்தான் காரணம் என்பார்கள். சாமுண்டி மலையில் வாளும் பாம்புமாக அவன் சிலை நிற்கிறது. அசுரன் இருந்தால், அவனை முடிக்க ஒரு சாமுண்டியும் இருப்பாள். நம்ம ஊர்ப் பேய்க்கும் பழி, ஏக்கம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். படையல் போட்டால் அடங்கும்.

லவ்கிராஃப்ட் உலகில் சாமுண்டியே கிடையாது. கடலடியில் உறங்கும் கதூலுவுக்கு மனிதர்கள் மேல் கோபமும் இல்லை. நாம் எறும்புப் புற்றை மிதித்துவிட்டுப் போவது மாதிரிதான். நம் பால்வெளி பல கேலக்ஸிகளில் ஒன்று மட்டுமே என்று ஹப்பிளின் ஆய்வு உறுதிசெய்தது 1920களில். அந்தப் பிரமாண்டத்தில் மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் லவ்கிராஃப்ட் கதைகளின் பயம்.

இன்னொரு பயம்

1924இல் சோனியா கிரீன் என்ற யூதப் பெண்ணை மணந்து நியூயார்க் போனார். நிலையான வேலை கிடைக்கவில்லை. தெருவில் பார்த்த குடியேறிகள் மீது வெறுப்பு வளர்ந்தது. 1926இல் ஊர் திரும்பி எழுதிய கதூலு கதையில், அந்தப் பூதத்தை வழிபடுபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் அல்லாதவர்கள். அந்நியரைக் கண்ட பயமும் அவர் கற்பனைக்குள் கலந்திருந்தது. இந்த இனவெறி காரணமாக எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, உலக ஃபேன்டசி விருது 2015இல் அவரது தலைச் சிலையைக் கைவிட்டது.

கேமுக்குள் எப்படி வந்தார்?

46 வயதில் குடல் புற்றுநோயால், வறுமையில் இறந்தார். 1939இல் அவர் எழுத்துகளை நூலாக்கவே இரு நண்பர்கள் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். 1981இல் வெளியான 'கால் ஆஃப் கதூலு' டேபிள்டாப் கேம், ஆட்டக்காரரின் மனத்தெளிவையே ஒரு ஸ்கோராக மாற்றியது. தெளிவு குறையக் குறைய ஆபத்து. டோன்ட் ஸ்டார்வ் போன்ற வீடியோ கேம்களிலும் இதே விதி உண்டு.

டெர்ரேரியா ஒரு விஷயத்தில் லவ்கிராஃப்ட்டை மீறுகிறது. அதன் கடைசி எதிரி மூன் லார்டை நாம் வெல்ல முடியும். அவர் கதைகளில் இல்லாத சாமுண்டி வேலையை இங்கே ஆட்டக்காரர் செய்கிறார். அந்தக் கண்ணும் அந்த இருட்டும் அவருடையவை. அவருடைய வெறுப்பு மட்டும் இந்த ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை.