கரிசல் மண்ணிலிருந்து கொழும்புக்குக் கப்பல்!

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே உள்ள கடல் சுமார் 150 கடல் மைல். நீராவிக் கப்பலுக்கு அது ஓர் இரவுப் பயணம். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பு. இந்த ஓர் இரவுப் பயணத்துக்காகத் தம் சொத்து, தொழில், சுதந்திரம் மூன்றையும் கொடுத்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

அவர் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாகத் தெற்கே போனால் வரும் ஓட்டப்பிடாரம்தான் அவர் ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரி பூமி. அங்கே 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, வக்கீல் உலகநாத பிள்ளையின் மகனாகப் பிறந்தார். தாமும் வக்கீலாகி, 1900-ல் தூத்துக்குடியில் குடியேறினார்.

கரிசல் பருத்தி மாட்டு வண்டியில் துறைமுகத்துக்கு வந்து கப்பல் ஏறிய காலம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்களும், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகளும் அந்தக் கடலைத்தான் கடந்தார்கள். சரக்கு நம்முடையது, ஏறும் ஆள் நம்மவர்; கப்பல் மட்டும் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. அவர்கள் வைத்ததே கட்டணம்.

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல் ஓடியது. போட்டிக் கம்பெனியின் நெருக்குதலால் அது கைநழுவிப் போயிற்று. வ. உ. சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலோ மகன் நோயில் கிடந்தான்; மனைவி கர்ப்பிணி. கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்து விட்டார். 1907-ல் காலியா வந்தது, லாவோவும் வந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வெள்ளைக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிக் கொள்வதாகவும், ஏறுகிறவர்களுக்குக் குடை கொடுப்பதாகவும் சொன்னார்களாம்! அப்படியும் ஜனங்கள் சுதேசிக் கப்பலையே நாடினார்கள் என்றால், அவர்கள் வெறும் மலிவைப் பார்த்து ஏறவில்லை என்பது தெளிவு.

கட்டணத்தால் முடியாததைக் கைவிலங்கு முடித்தது. 1908 மார்ச்சில் கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை நாற்பது ஆண்டுகள். மேல் முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. கலைக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. காலியாவை வாங்கியது யார் தெரியுமா? அதே போட்டிக் கம்பெனிதான்!

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் சுமார் 22 மைல்தான். இலங்கைப் பயணிகள் தூத்துக்குடியை விட்டு அந்த வழிக்குத் திரும்பினார்கள்.

வக்கீல் சன்னதையும் இழந்திருந்த வ. உ. சி., வறுமையில் உழன்றார். நீதிபதி வாலஸ் அதை மீட்டுத் தந்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பின்னர் கோவில்பட்டியில், கரிசல் சம்சாரிகளின் நடுவே வக்கீல் தொழில் பார்த்தார். 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

அடுத்த இரண்டு ஆண்டு முடியுமுன், 1938 பிப்ரவரியில், டாட்டா தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்பு போயிற்று. இன்று மதுரையில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. தூத்துக்குடியிலிருந்து 2011-ல் மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் விட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே அது நின்று விட்டது.