கையைப் பிடிக்க ஒருவர்



புனித இராயப்பரின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது, ஆண்டவர் அருகில் சென்று அவரது கையைப் பிடித்துத் தூக்கினார் என்று மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். இராயப்பன் என்ற பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் ராயப்பன்பட்டி மக்களாகிய நாம் மறக்கக் கூடாத நிகழ்ச்சி இது. நோயாளிக்கு மருந்து வேண்டும். கூச்சமின்றி வாய்திறந்து பேச, அருகில் ஓர் ஆளும் வேண்டும். இந்த உண்மையைத் தன் வாழ்வால் விளக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபையின் மறைபணிக் குடும்பத்தில், 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை மருத்துவர். அமெரிக்காவில் படித்த ஐடாவுக்கு இந்தியாவில் பணியாற்றும் எண்ணமே இல்லை. தாயின் உடல்நலக் குறைவால் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஓர் இரவு, மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் தங்கள் இளம் மனைவியரைக் காப்பாற்றும்படி அவரை வேண்டினர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. தந்தையை அழைத்துச் செல்லச் சொன்னார். வேற்று ஆண் தங்கள் பெண்களைப் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர். அதையே இறைவனின் அழைப்பாக ஐடா ஏற்றுக்கொண்டார்.

1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் வந்தார். ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. கிராமத்து நோயாளிகளைத் தேடிச் சென்று, சாலையோர மரத்தடிகளில் வைத்தியம் பார்த்தார். தான் ஒருத்தி போதாது என்பதை உணர்ந்து, 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்தவரின் இரத்தத்தையும் புண்ணையும் தொடும் வேலைக்கு மகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்கிய காலம் அது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும், 1946-ல் செவிலியர் பட்டப் படிப்பும் வந்தன. இவையே இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வேர்கள். திருமணம் செய்யாமல் நோயாளிகளுக்காகவே வாழ்ந்த அம்மையார், 1960 மே மாதம், நமக்கு அண்டையிலுள்ள கொடைக்கானல் மலையில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இன்று கிராமங்களில் துணை சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தேவையானால் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். நாமோ, நர்ஸ் தானே என்று எளிதாக எண்ணிவிடுகிறோம். மார்பில் கட்டி இருப்பதைக் கணவரிடமும் டாக்டரிடமும் சொல்லக் கூசி, முற்றிய பின் மருத்துவமனைக்கு ஓடும் தாய்மார் இன்றும் உண்டு. திண்டிவனத்தில் மூன்று உயிர்களைப் பறித்த அதே கூச்சம்தான் இது. தாய்மார்களே, உங்கள் ஊர் செவிலியரிடமாவது காலத்தில் மனம்திறந்து சொல்லுங்கள். ஆண்களே, வீட்டுப் பெண்களைத் தடுக்காமல் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

இராயப்பரின் மாமியார் குணமானதும் எழுந்து பணிவிடை செய்தார். நம் பிள்ளைகளிலும் சிலர் இந்தப் புனிதப் பணிக்கு எழுந்து வரட்டும். நோயுற்றோரின் கையைப் பிடிக்கும் ஒவ்வொரு செவிலியரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.