சட்டத்தின் வழியே விடுதலை கண்ட டானியேல் ஓகானல்

கத்தோலிக்கர் என்ற ஒரே காரணத்தால் பாராளுமன்றத்தில் அமர முடியாதிருந்த காலம் ஒன்று உண்டு. அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் திருப்பலியை மூடவழிபாடு என்று ஆணையிட்டுக் கூறாத எவருக்கும் அச்சபையில் இடமில்லை. அடைபட்டுக் கிடந்த அக்கதவைத் திறந்தவரே டானியேல் ஓகானல்.

இவர் 1775ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கெரி மாவட்டத்தில் பிறந்தார். பெரியப்பாவின் ஆதரவில் வளர்ந்து, பிரான்சு நாட்டிற்குக் கல்வி கற்கச் சென்றார். அங்கே புரட்சி மூண்டதால் 1793இல் வெளியேற நேர்ந்தது. இரத்தம் சிந்திப் பெறும் மாற்றத்தின்மீது அன்று உண்டான வெறுப்பு இறுதிவரை நீங்கவில்லை. 1798இல் வழக்கறிஞரானார், ஏழை எளியவர்களின் வழக்குகளை ஏற்று நாடெங்கும் புகழ் பெற்றார்.

எனினும் அவர் குறையற்றவர் அல்லர். 1815இல் டெஸ்டெர் என்பவர் அழைத்த துப்பாக்கிச் சண்டையை ஏற்று, அவரைச் சுட்டு வீழ்த்தினார். அந்தச் சாவு வாழ்நாள் முழுவதும் அவர் மனத்தை உறுத்தியது. இறந்தவரின் மகளுக்கு ஆண்டுதோறும் பொருளுதவி செய்து வந்தார்.

1823இல் கத்தோலிக்கர் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு, மாதம் ஒரு பென்னி கொடுப்பவரும் இதில் சேரலாம் என்று அறிவித்தார். கோவில் வாசல்களில் காசு திரண்டது. குருக்களும் தோள் கொடுத்தனர். குடிசைவாழ் உழவனும் இது தன் சங்கம் என்று நிமிர்ந்து நின்றான்.

1828இல் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் போட்டியிட்டு, 982க்கு எதிராக 2,057 வாக்குகள் பெற்று வென்றார். வென்றவரை உள்ளே விடாவிட்டால் நாடு கொந்தளிக்கும் என அரசு அஞ்சியது. 1829 ஏப்ரலில் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் உடன் வந்த மற்றொரு சட்டம், வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக உயர்த்தியது. அவரை வெற்றிபெறச் செய்த சிறு உழவர்களே வாக்குரிமை இழந்தனர். வெற்றியின் விலையை ஏழைகள் செலுத்தினர் என்பதை நாம் மறைக்கலாகாது.

பழைய ஆணையை எடுக்க மறுத்ததால் மீண்டும் தேர்தலுக்கு நின்று, போட்டியின்றித் தேர்வாகி, 1830இல் சபையில் அமர்ந்தார். தம்மவருக்காக மட்டும் அவர் பேசவில்லை. அடிமை ஒழிப்புக்கும் யூதர்களின் உரிமைக்கும் குரல் கொடுத்தார். 1841இல் டப்ளின் மாநகரத் தலைவரானார்.

பின்னர் அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் கேட்டு மாபெரும் கூட்டங்கள் நடத்தினார். 1843 அக்டோபரில் குளோன்டார்ஃப் கூட்டத்தை அரசு தடை செய்தது. கூடினால் உயிர்கள் பலியாகும் என்று உணர்ந்து, அவரே கூட்டத்தைக் கைவிட்டார். கோழை என்று இளைஞர் சிலர் தூற்றினர், பொறுத்துக்கொண்டார். மறு ஆண்டு சிறையும் கண்டார்.

1847 பிப்ரவரியில், பஞ்சத்தால் மடியும் தம் மக்களுக்காகத் தளர்ந்த குரலில் சபையில் மன்றாடினார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு. உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் வழியில் மே 15ஆம் நாள் ஜெனோவாவில் இறையடி சேர்ந்தார். இதயம் உரோமைக்கும் உடல் அயர்லாந்துக்கும் கொண்டு செல்லப்பட்டன.

அன்பார்ந்த பங்கு மக்களே, மாதம் ஒரு பென்னி சிறு காசுதான். ஒற்றுமையோடு தவறாமல் கொடுக்கப்பட்டபோது அது ஒரு பேரரசின் சட்டத்தையே மாற்றியது. நம் பங்கில் எளியவர் தரும் சிறு காணிக்கையையும் சிறு உழைப்பையும் அற்பமென எண்ணாதிருப்போமாக.