வ. சுப. மாணிக்கம்

வ. சுப. மாணிக்கம் (ஏப்ரல் 17, 1917 - ஏப்ரல் 25, 1989) தமிழறிஞர், பேராசிரியர். இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் மேலைச்சிவபுரியில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார்.

நகரத்தார் வழக்கப்படி தொழில் பழகச் சிறுவயதில் பர்மா சென்று, இரங்கூனில் வட்டிக்கடை ஒன்றில் பணிபுரிந்தார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை எனக் கூறுமாறு பணிக்கப்பட்டபோது பொய் சொல்ல மறுத்தார். வேலை போயிற்று, ஊர் திரும்பினார். பொய் சொல்லா மாணிக்கம் என்னும் பெயர் இதனால் அமைந்தது. கடைக்கணக்கு எழுதவேண்டியவர் தமிழாசிரியரானதற்கு இந்நிகழ்வே காரணம் எனலாம்.

பின்னர் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வித்துவான் பட்டம் பெற்றார். அங்கும் காரைக்குடி அழகப்பா கல்லூரியிலும் கற்பித்தார். 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

அகத்திணை பற்றிய தமிழ்க்காதல் இவரது முனைவர் பட்ட ஆய்விலிருந்து உருவான நூல். எனினும் இவரை அறிந்துகொள்ள வள்ளுவம் என்னும் நூலே ஏற்றது. 12 சொற்பொழிவுகளாக அமைந்த இந்நூல், குறளை நயம் பாராட்டுவதோடு நில்லாது செயலில் கைக்கொள்ள வேண்டும் என வலியுறுத்துகிறது. தமிழ்வழிக் கல்வி இயக்கத்தை நிறுவி, ஊர் ஊராகச் சென்று பரப்பினார். இவரது நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. தம் சொத்தில் ஆறில் ஒரு பங்கை அறச்செயல்களுக்கென உயிலில் எழுதிவைத்தார்.