தாமஸ் மிட்ஜ்லி

தாமஸ் மிட்ஜ்லி (இளையவர்) (மே 18, 1889 - நவம்பர் 2, 1944) அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பொறியியலாளரும் வேதியியலாளரும் ஆவார். தானுந்துகள் (கார்கள்) ஒரு காலன் பெட்ரோலில் கூடுதல் தொலைவு ஓட வேண்டும் என்ற நோக்கில் நடந்த ஆய்வின்போது, பெட்ரோலுடன் டெட்ராஎத்தில் ஈயத்தைச் சேர்க்கும் முறையை 1921-ல் இவர் கண்டறிந்தார். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட ஃப்ரியான் வளிமத்தை உருவாக்கிய குழுவிற்கும் இவரே தலைவர். இவ்விரு கண்டுபிடிப்புகளும் இவர் காலத்தில் பெரிதும் போற்றப்பட்டன. பிற்காலத்தில் இரண்டுமே உலக நாடுகளால் விலக்கப்பட்டன.

இளமை

மிட்ஜ்லி பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்னும் ஊரில் பிறந்து, ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வளர்ந்தார். இவருடைய தந்தையும் ஒரு கண்டுபிடிப்பாளரே. தானுந்துச் சக்கரங்களுக்கான டயர்த் துறையில் பணியாற்றியவர். மிட்ஜ்லி கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911-ல் எந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேதியியலை இவர் முறையாகப் பயின்றவர் அல்லர். ஆய்வகத்தில் தேவை ஏற்பட்டபோது தாமே கற்றுக்கொண்டார். 1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தானுந்துகளுக்கு மின் துவக்கியை உருவாக்கியவர் என்று அறியப்படும் கெட்டரிங்கின் ஆய்வகம், பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவாக மாறியது.

தட்டல் சிக்கல்

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை, உருளைக்குள் பிஸ்டனால் அமுக்கப்பட்ட பின்னரே தீப்பொறியால் பற்ற வைக்கப்படுகிறது. கலவை எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பது அமுக்க விகிதம் ஆகும். இந்த விகிதம் உயர்ந்தால் அதே அளவு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பெறலாம். கோட்பாட்டளவில், அமுக்க விகிதம் 4 ஆக உள்ள எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 43 விழுக்காட்டையும், 8 ஆக உள்ள எஞ்சின் சுமார் 56 விழுக்காட்டையும் வேலையாக மாற்ற இயலும். உராய்வு, வெப்ப இழப்பு ஆகியவற்றால் உண்மை எஞ்சின்களில் இவ்வளவு கிடைப்பதில்லை எனினும், விகிதத்தை உயர்த்துவதால் வரும் ஆதாயம் மெய்யானது.

ஆனால் அக்காலப் பெட்ரோல் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அமுக்கம் மிகுந்தால் எஞ்சினுள் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழுந்தது; ஆற்றல் குறைந்தது; சில வேளைகளில் பிஸ்டனே சேதமுற்றது. இதனைத் தட்டல் (நாக்கிங்) என்பர். புகழ்பெற்ற ஃபோர்டு 'மாடல் டி' தானுந்தின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 4 என்ற அளவிலேயே இருந்தது. மேடு ஏறும்போது ஓசை கேட்டால், ஓட்டுநர் திசைமாற்றிச் சக்கரத்தின் அருகிலுள்ள சிறு நெம்புகோலை நகர்த்தித் தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துவார். ஓசை அடங்கும், தேவைக்கு மேல் தாமதப்படுத்தினால் எரிபொருள் வீணாகும். எனவே ஒரு வண்டி எவ்வளவு தொலைவு ஓடும் என்பது ஓட்டுநரின் காதையும் கையையும் பொறுத்ததாக இருந்தது.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எண்ணெய் வளம் விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. தட்டலை நீக்கினால் அமுக்க விகிதத்தை உயர்த்தலாம், அதன்வழி பெட்ரோலைச் சேமிக்கலாம் என்பது கெட்டரிங்கின் திட்டம். இப்பணி மிட்ஜ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது.

தட்டலுக்கு எஞ்சினின் மின்பற்றவைப்புக் கருவியே காரணம் எனப் பலர் கருதினர். மிட்ஜ்லி உருளைக்குள் அழுத்தம் மாறுவதைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு ஆராய்ந்து, தட்டல் தீப்பொறிக்கு முன்னர் அன்றி அதற்குப் பின்னரே தோன்றுகிறது என்று காட்டினார். எனவே குறை எரிபொருளில்தான் இருந்தது.

ஈயத்தைக் கண்டறிதல்

முதல் வெற்றி ஒரு தவறான கருத்திலிருந்து வந்தது என்பது சுவையான செய்தியாகும். பனிக்கு அடியிலேயே பூக்கும் ஒரு செடியின் இலைகள் சிவப்பாக இருப்பதால் அது வெப்பத்தை நன்கு ஈர்க்கிறது என்றும், எரிபொருளையும் சிவப்பாக்கினால் விரைந்து ஆவியாகும் என்றும் கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் எண்ணினர். கையில் சிவப்புச் சாயம் இல்லாததால் 1916-ன் இறுதியில் அயோடினைக் கலந்தனர். தட்டல் நின்றது. பின்னர் வேறு சிவப்புச் சாயங்களைச் சேர்த்தபோது பயன் ஏதும் இல்லை. நிறமற்ற அயோடின் சேர்மமோ வேலை செய்தது. நிறத்திற்கும் தட்டலுக்கும் தொடர்பில்லை என்பது தெளிவாயிற்று. அயோடின் விலை மிகுந்தது, உலோகத்தை அரிப்பது. ஆகவே தேடல் தொடர்ந்தது.

1919-ல் அனிலின் பயன் தந்தது. அதனிலும் செலினியம், டெலூரியம் ஆகியவற்றின் சேர்மங்கள் சிறந்தவையாக இருந்தன. ஆயினும் அவற்றின் தீய நாற்றம் ஆய்வாளர்களின் உடலையும் உடையையும் விட்டு நீங்கவில்லை. இதன்பின் மிட்ஜ்லி தனிம அட்டவணையை வழிகாட்டியாகக் கொண்டு, ஒவ்வொரு நிரலிலும் கீழ்நோக்கிச் சென்றார். டிசம்பர் 9, 1921 அன்று டெட்ராஎத்தில் ஈயம் சோதிக்கப்பட்டது. ஒரு காலனுக்கு ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் சேர்த்தாலே போதுமானதாக இருந்தது. எஞ்சினில் ஈயம் படிவதைத் தடுக்கப் புரோமின் சேர்மம் ஒன்றும் உடன் சேர்க்கப்பட்டது. இதனால் அந்த ஈயம் புகைபோக்கி வழியே தெருக்காற்றில் கலந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோலும் தட்டலைத் தடுக்கும் என்பதை மிட்ஜ்லி நன்கறிந்திருந்தார். அது குறித்துப் பொறியியலாளர்களிடம் பேசியும் உள்ளார். ஆனால் எத்தனாலைப் பெருமளவில் கலக்க வேண்டும். ஈயமோ சிறிதளவே போதும், மலிவானது, காப்புரிமை பெறத் தக்கது. நிறுவனம் ஈயத்தையே தேர்ந்தது. பிப்ரவரி 1923-ல் டேட்டன் நகரில் ஈய பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இடம்பெறவில்லை. 'எத்தில்' என்றே அழைக்கப்பட்டது.

உயிரிழப்புகளும் எதிர்ப்பும்

ஈயம் நச்சுப் பொருள் என்பது பழங்காலம் முதலே அறியப்பட்டதாகும். மிட்ஜ்லியே 1923-ன் தொடக்கத்தில் ஈய நச்சேற்றத்தால் பாதிக்கப்பட்டு, ஓய்விற்காக ஃபுளோரிடா சென்றார். அக்டோபர் 1924-ல் நியூ செர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இப்பொருளைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் மனம் பேதலித்து இறந்தனர். மேலும் பலர் பாதிக்கப்பட்டனர். பிற ஆலைகளிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. அக்டோபர் 30 அன்று செய்தியாளர் முன்னிலையில் மிட்ஜ்லி அந்நீர்மத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவி, ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்து காட்டினார். தாம் அதனால் நோயுற்றிருந்தும் இவ்வாறு செய்ததே இவர் வாழ்வில் மிகக் கடுமையாக விமர்சிக்கப்படும் நிகழ்வாகும்.

மே 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டு, வாசிங்டனில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. தொழில்சார் நோய்களில் வல்லுநரான மருத்துவர் ஆலிஸ் ஆமில்டன் முதலானோர் ஈயத்தை எதிர்த்தனர். அரசு அமைத்த குழு, தடை விதிக்கப் போதிய சான்று இல்லை என்றும் மேலும் ஆய்வு வேண்டும் என்றும் 1926-ல் அறிவித்தது. விற்பனை மீண்டும் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஈயத் தொழிலின் நிதியிலேயே நடந்தன.

ஃப்ரியான்

அக்காலக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டைஆக்சைடு போன்ற தீங்கான வளிமங்கள் பயன்பட்டன. இவற்றுக்கு மாற்றாக மிட்ஜ்லியின் குழு ஃப்ரியானை உருவாக்கியது. 1930-ல் இவர் அதனை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்திச் சுடர் மேல் ஊதி அணைத்து, அது நச்சற்றது, தீப்பற்றாதது என இரண்டையும் ஒருங்கே காட்டினார். இவ்வகைச் சேர்மங்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பது 1974-ல்தான் அறியப்பட்டது.

இறுதிக் காலம்

மிட்ஜ்லி பெர்கின் பதக்கம் (1937), பிரீஸ்ட்லி பதக்கம் (1941) உள்ளிட்ட உயரிய விருதுகளைப் பெற்றார். 1944-ல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1940-ல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு நடக்க இயலாதவரானார். படுக்கையிலிருந்து எழுவதற்காகக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட அமைப்பொன்றைத் தாமே வடிவமைத்தார். நவம்பர் 2, 1944 அன்று அக்கயிறுகளில் கழுத்து இறுகி, தமது 55-ஆம் அகவையில் இறந்தார்.

பெட்ரோல் சேமிப்பும் ஈயத்தின் முடிவும்

அமுக்க விகிதம் திட்டமிட்டபடியே உயர்ந்தது. 1920-களில் 4-க்குச் சற்று மேல் இருந்த விகிதம் 1950-களின் இறுதியில் பல அமெரிக்கத் தானுந்துகளில் 9-ஐ எட்டியது. ஆனால் கிடைத்த ஆதாயம் பெரிதும் எடைக்கும் வேகத்திற்குமே செலவாயிற்று. 1950-ல் அமெரிக்கத் தானுந்துகள் சராசரியாக ஒரு காலனுக்குச் சுமார் 15 மைல் ஓடின. எண்ணெய் நெருக்கடி வந்த 1973-ல் இது 13 மைல் அளவிற்குக் குறைந்திருந்தது.

புவியின் வயதைக் கணித்த வேதியியலாளர் கிளேர் பாட்டர்சன், காற்றிலும் மனித உடலிலும் உள்ள ஈயம் இயற்கை அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை 1965-ல் வெளியிட்டார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிப்பதும் பின்னர் உறுதியானது. 1975 முதல் அமெரிக்கத் தானுந்துகளில் பொருத்தப்பட்ட வினையூக்கி மாற்றிகளை ஈயம் செயலிழக்கச் செய்ததும் அதனைக் கைவிடக் காரணமாயிற்று. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996-ல் ஈய பெட்ரோல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000-ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. கடைசி நாடாக அல்சீரியா 2021-ல் அதன் விற்பனையை நிறுத்தியது. தட்டலைத் தடுக்கத் தற்போது மேம்பட்ட சுத்திகரிப்பு முறைகளும், 1920-களில் ஒதுக்கப்பட்ட எத்தனாலும் பயன்படுகின்றன. தீப்பொறி நேரத்தை மாற்றும் வேலையை ஓட்டுநரின் நெம்புகோலுக்குப் பதிலாக மின்னணு உணரி செய்கிறது. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு வானூர்திகள் பலவற்றில் மட்டும் ஈயம் கலந்த பெட்ரோல் இன்னும் பயன்பட்டு வருகிறது.