ஒரு குயவர் போட்ட கணக்கு

கணக்கியல் படிக்கிறேன் என்று சொன்னால், ஆடிட்டராகப் போகிறாயா என்றுதான் உறவினர்கள் முதலில் கேட்கிறார்கள். மேலாண்மைக் கணக்காளராக விரும்புகிறேன் என்றால், அது என்ன வேலை என்று அடுத்த கேள்வி வருகிறது. அவர்களுக்குப் பாடநூல் விளக்கம் சொல்வதைவிட ஒரு குயவரின் கதையைச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது. இந்தத் துறைக்கு ஒரு பெயர் கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அந்த வேலையைத் தம் தொழிற்சாலையில் செய்து பார்த்தவர் அவர். பெயர் ஜோசையா வெட்ஜ்வுட்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷியர் வட்டாரத்தில் உள்ள பர்ஸ்லம் என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாக மண்பாண்டம் செய்த குடும்பத்தில் 1730ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. 1739இல் தந்தை இறந்ததும் பள்ளிப் படிப்பு நின்றது. சிறுவயதில் கண்ட பெரியம்மை அவரது வலது முழங்காலைப் பலவீனமாக்கியது. சக்கரத்தைக் காலால் மிதித்துப் பாண்டம் வனைய முடியாத நிலை. ஒரு குயவருக்கு இதைவிடப் பெரிய தடை இருக்க முடியாது. ஆனால் அவர் கவனம் வேறு பக்கம் திரும்பியது. எந்த மண்ணை எதனுடன் கலந்தால், எந்தச் சூட்டில் சுட்டால் என்ன கிடைக்கும் என்று சோதிக்கத் தொடங்கினார். செய்த சோதனைகளை எல்லாம் வரிசை எண் போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். எதையும் அளந்து எழுதும் அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1759இல் சொந்தத் தொழில் தொடங்கினார். 1760களில் சார்லட் அரசியார் அவரிடம் தேநீர்ப் பாண்டங்கள் வாங்கினார். அந்தப் பாலாடை நிறப் பாண்டங்களுக்கு அரசியின் பெயரையே சூட்டி விற்கும் அனுமதியும் கிடைத்தது. 1768இல் அவரது வலது கால் அறுவை செய்து அகற்றப்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அடுத்த ஆண்டே, லிவர்ப்பூல் வணிகரும் நண்பருமான தாமஸ் பென்ட்லியுடன் சேர்ந்து எட்ரூரியா என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார். அங்கே செய்த அலங்காரப் பூச்சாடிகளைப் பிரபுக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

பிறகு 1772 வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் ஒரு வங்கி முறிய, கடன் நெருக்கடி நாடெங்கும் பரவியது. வாங்குவோர் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். வெட்ஜ்வுட்டின் கிடங்கில் சாடிகள் தேங்கின. இப்படிப்பட்ட நேரத்தில் முதலாளிகள் பலரும் ஆட்களைக் குறைப்பார்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு விலையைக் குறைப்பார்கள். வெட்ஜ்வுட் அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டார்: ஒரு சாடியைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் பெயர்பெற்ற ஒரு தொழிற்சாலையின் பேரேடுகளில் அதற்கு விடை இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அவை சொல்லும். எந்தப் பொருளுக்காகப் போனது என்று சொல்லா. அதனால் அவரே உட்கார்ந்து மண், கூலி, அச்சு, நிலக்கரி, வாடகை, எழுத்தர் சம்பளம், விற்பனைச் செலவு என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினார்.

அந்தக் கணக்கு அவருக்கு இரண்டு உண்மைகளைக் காட்டியது. முதலாவது, லண்டன் அலுவலகத்துக் கணக்குகளில் ஏதோ இடித்தது. தோண்டிப் பார்த்தபோது, அங்கிருந்த தலைமை எழுத்தர் பணத்தைக் கையாடி வந்தது தெரிந்தது. இரண்டாவது உண்மைதான் இன்றும் எங்கள் வகுப்பறையில் பாடமாக இருக்கிறது. பத்துச் சாடி செய்தாலும் நூறு சாடி செய்தாலும் வாடகையும், அச்சு செய்யும் செலவும், எழுத்தர் சம்பளமும் ஏறக்குறைய மாறுவதில்லை என்று அவர் கண்டார்.

நம் ஊர் பாசார் மாலாமை வைத்துப் பாருங்கள். கடை போட ஓர் இரவுக்கு 60 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். 100 வடை விற்றால் ஒரு வடையின் மேல் 60 சென் வாடகை ஏறுகிறது. 300 வடை விற்றால் 20 சென்தான். மாவும் எண்ணெயும் வடைக்கு வடை கூடும், வாடகை கூடாது. முதல் வகையை மாறும் செலவு என்றும், இரண்டாவதை நிலையான செலவு என்றும் சொல்கிறோம்.

இது புரிந்ததும் வெட்ஜ்வுட்டின் முடிவுகள் மாறின. ஒரே அச்சில் அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒவ்வொரு சாடியின் மேல் விழும் செலவு குறையும். அப்படியானால் விலையையும் குறைக்கலாம். பிரபுக்கள் வீட்டில் பார்த்து ஆசைப்பட்ட சாடிகளை நடுத்தரக் குடும்பங்களும் வாங்கலாம். விலைக்குறைப்பு அவருக்குக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவானது. அவரது தொழில் நெருக்கடியைத் தாண்டி நின்றது.

நிதிக் கணக்கு, நடந்து முடிந்ததை முதலீட்டாளருக்கும் வரித்துறைக்கும் சொல்கிறது. மேலாண்மைக் கணக்கு, அடுத்து என்ன செய்யலாம் என்று உள்ளே இருப்பவர் யோசிக்க உதவுகிறது. என்னை இந்தத் துறைக்கு இழுத்தது இந்த வேறுபாடுதான். பதிவு வேலையை இன்று மென்பொருள் நொடியில் செய்துவிடும். எந்தச் செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியை மனிதர்தான் எழுப்ப வேண்டும். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து இந்தத் துறையை எண்ணிப் பார்க்கும் தம்பி தங்கைகள், கணக்கியல் பட்டத்தோடு சிமா போன்ற தொழில்முறைத் தேர்வுகளையும் விசாரித்து வையுங்கள். 1919இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு அது. உங்கள் பட்டப்படிப்புக்கு எந்தத் தாள்களில் விலக்கு உண்டு என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வெட்ஜ்வுட்டை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. அவர் தொழிற்சாலை மணியடித்து ஆட்களை அழைத்தது. தாமதமாக வந்தவர்களைக் கவனித்துக் குறித்தது. எல்லாவற்றையும் எண்ணும் கண், மனிதரையும் வெறும் எண்ணாகப் பார்க்கும் ஆபத்து எப்போதும் உண்டு. இந்தத் துறைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1787இல், அடிமை வணிகத்துக்கு எதிராக ஒரு சிறு பதக்கத்தைத் தம் தொழிற்சாலையில் செய்ய வைத்தார். சங்கிலியில் பிணைக்கப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஒரு மனிதரின் உருவம் அதில் இருந்தது. ஒவ்வொரு சாடிக்கும் செலவு பார்த்த அவர், இந்தப் பதக்கங்களைத் தம் சொந்தச் செலவில் செய்து இலவசமாகக் கொடுத்தார். அமெரிக்காவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் ஒரு தொகுதி போனது. பெண்கள் அதை நகையில் பதித்து அணிந்தார்கள். 1795 ஜனவரியில் வெட்ஜ்வுட் காலமானார். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807இல்தான்.

அந்தப் பதக்கத்துக்கு என்ன செலவு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். தெரிந்தேதான் கொடுத்திருப்பார். ஒரு முடிவுக்கு என்ன விலை என்பதைக் கணக்கு சொல்லும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் ஆக விரும்புவது இரண்டையும் தெரிந்த கணக்காளர்.